மருந்தடிக்க மறுத்த திராட்சை விவசாயி: பர்கண்டியில் ஒரு வழக்கு, 2013–2014

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சுமார் 10 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் வைத்து, பயோடைனமிக் என்ற இயற்கை வேளாண் முறையில் ஒயின் தயாரிக்கும் ஒருவர், 2013 கோடையில் அரசு கட்டாயமாக்கிய பூச்சிமருந்தைத் தன் கொடிகளுக்கு அடிக்க மறுத்தார். அது குற்றவழக்காகி, தண்டனை வந்து, மேல்முறையீட்டில் விடுதலையாக முடிந்தது. இயற்கை ஒயின் விரும்பிகள் நாடு தாண்டிப் பேசிய வழக்கு இது. ஆனால் பெரும்பாலும் 'விஷம் தெளிக்க மறுத்த நல்ல மனிதரைத் தண்டித்துவிட்டார்கள்' என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிட்டது. நோயின் இயல்பையும் சட்டத்தின் வழியையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பது தெரியும். இயற்கை வேளாண்மையில் இருக்கும் யாருக்கும் ஒருநாள் இதே நிலைமை வரலாம் என்பதால், முதலிலிருந்து முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். பெயர்கள் இதற்குத் தேவையில்லை, விட்டுவிட்டேன்.

## பின்னணி: தோட்டம், முறை, அக்கம்பக்கம்

இடம் கோத்-தோர் மாவட்டம். டிஜோன் நகரத்திலிருந்து தெற்கே நீளும் சுண்ணாம்புச் சரிவு. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே. இவருடைய கொடிகள் போன் நகரத்தைச் சுற்றியும், மேலே உள்ள குன்றுப் பகுதியிலும் துண்டு துண்டாக இருந்தன. பர்கண்டியில் எல்லோருடைய நிலமும் இப்படித்தான். பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலய நிலங்கள் ஏலம் போனதும், பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு போட வேண்டும் என்ற நெப்போலியன் காலத்துச் சட்டமும் சேர்ந்து நிலத்தைச் சிதறடித்துவிட்டன. குளோ த வூஜோ என்ற புகழ்பெற்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர்தான். அதற்கு உரிமையாளர்கள் ஏறக்குறைய 80 பேர். ஒருவருடைய கடைசி வரிசைக்கும் அடுத்தவருடைய முதல் வரிசைக்கும் நடுவில் ஒரு டிராக்டர் போகும் இடைவெளிதான் இருக்கும். அடுத்தவர் அடிக்கும் மருந்து உங்கள் கொடியில் படும். உங்கள் கொடியில் இருக்கும் பூச்சி அடுத்தவர் கொடிக்குத் தாவும். இந்த வழக்கில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் இது குறுக்கே வந்து நிற்கிறது.

தந்தை காலத்திலேயே ரசாயனத்தைக் கைவிட்ட குடும்பம் அது. பிறகு மகன் ஒரு படி மேலே போய் பயோடைனமிக் முறைக்கு மாறினார். 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த முறை இது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து எடுத்து, அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கி மண்ணில் தெளிப்பார்கள். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளுக்கும் 'கொம்பு சாண உரம்' நன்றாகத் தெரிந்ததுதான். இதோடு பொடித்த படிகக்கல் கரைசல், சாமந்தி இனப் பூக்களும் செந்தட்டியும் ஓக் மரப்பட்டையும் சேர்த்த கம்போஸ்ட், நிலா நாட்காட்டி எல்லாம் உண்டு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலா நாட்காட்டிக்கும் கொம்புக்கும் அறிவியல் சான்று பலமாக இல்லை. ஆனால் இந்த முறையில் நிற்பவர்கள் தோட்டத்தில் செலவிடும் நேரமும், ஒவ்வொரு கொடியையும் தனியாகப் பார்க்கும் பழக்கமும் அசலானவை. அப்படிப்பட்ட தோட்டத்தில் பூச்சியைப் பூச்சிதான் கட்டுப்படுத்துகிறது. சிலந்திகளும், கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும், இலைக்கடியில் வாழும் இரைபிடிச் சிலந்திப்பேன்களும், முட்டைக்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகளும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. இந்தக் கூட்டம் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். கலைய ஒரு சாயங்காலம் போதும். சரக்கறையிலும் அதே நம்பிக்கைதான். இயற்கை ஒயின்காரர்கள் கடையில் வாங்கிய ஈஸ்டைச் சேர்க்காமல், திராட்சையோடும் சரக்கறைக் காற்றோடும் வரும் ஈஸ்டை நம்பி நொதிக்க விடுகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி சாதாரண உலர் (இனிப்பில்லாத) சிவப்பு ஒயினில், கெடாமல் காக்கும் சல்ஃபைட் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், இயற்கை வேளாண் சான்று பெற்றதில் 100 வரை இருக்கலாம். இவர்களோ முடிந்தவரை இல்லாமலே பார்த்துக்கொள்கிறார்கள். மருந்து என்ற சொல்லே உறுத்தும் வாழ்க்கை அது. ஜூன் மாதம் வந்த அரசாணை அவருக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இவ்வளவும் தேவை.

## நோய்

அந்த அரசாணைக்குக் காரணம் ஃபிளாவெசான்ஸ் டோரே என்ற மஞ்சள் நோய். நோய்க்கிருமி பைட்டோபிளாஸ்மா, அதாவது செல்சுவர் இல்லாத பாக்டீரியா வகை, செடியின் சாறு ஓடும் குழாய்களில் குடியிருப்பது. நம் பக்கத்தில் எள்ளில் வரும் பூவிலை நோயும் கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் இதே குடும்பத்துக் கிருமிகளால்தான் வருகின்றன. அவற்றையும் தத்துப்பூச்சிகள்தான் பரப்புகின்றன. எள்ளில் நோய் கண்ட செடியைப் பிடுங்கிப் போட்டால் அந்தப் போகத்தோடு போயிற்று. திராட்சைக்கொடி நாற்பது ஐம்பது ஆண்டு நிற்கும் சொத்து. பர்கண்டியில் வயதான கொடிக்குத்தான் மதிப்பு. பிடுங்கி நட்டால் மறுபடி ஒயினுக்கு ஆகும் திராட்சை வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், பழைய தரம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

நோய் வந்த கொடிக்கு மருந்து கிடையாது. இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். சிவப்பு ரகத்தில் சிவக்கும், வெள்ளை ரகத்தில் மஞ்சளாகும். அந்த ஆண்டுத் தண்டு முற்றி மரமாகாமல் ரப்பர் போல வளையும். குலை வாடி உதிரும். இந்த மூன்றும் ஒரே கிளையில் தெரிந்தால்தான் சந்தேகப்படுவார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பர்கண்டியில் ஏற்கனவே இருக்கும் 'புவா நுவார்' என்ற இன்னொரு நோய், கண்ணால் பார்க்க அச்சாக இதே மாதிரி இருக்கும். அது இவ்வளவு வேகமாகப் பரவாது. இது எது என்று சொல்ல இலையை ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்தாக வேண்டும்.

இதைப் பரப்பும் தத்துப்பூச்சியின் பெயர் ஸ்காஃபாய்டியஸ் டைட்டானஸ். வளர்ந்தது 5 மில்லிமீட்டர் அளவு. பூர்வீகம் வட அமெரிக்கா. ஐரோப்பாவில் திராட்சைக்கொடியை நம்பியே வாழ்கிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. கோடை முடிவில் கொடியின் பட்டைக்கடியில் முட்டையிடும், மே மாதத்திலிருந்து பொரிக்கும். இளம் பூச்சியை இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் காணலாம். வெளிர் நிறம், வால் பக்கம் இரண்டு கரும்புள்ளிகள், தொட்டால் தெறித்துக் குதிக்கும். ஜூலையில் இறக்கை முளைக்கும்.

இனி வருவதுதான் வழக்கின் உயிர்நாடி. முட்டை வழியாகக் கிருமி அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. பொரிக்கும் ஒவ்வொரு பூச்சியும் சுத்தமாகத்தான் பொரிக்கிறது. நோயுள்ள கொடியில் சாறு குடித்தால் கிருமி அதன் உடலுக்குள் போகும். உள்ளே பெருகி உமிழ்நீருக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்கப்புறம்தான், சாகும் வரை, குடிக்கும் ஒவ்வொரு கொடிக்கும் நோயைக் கொடுக்கும்.

ஆகவே நோயுள்ள கொடி அருகில் இல்லையென்றால் இந்தப் பூச்சியால் சொல்லும்படியான கேடு இல்லை. இது விவசாயியின் பக்கம். அதே சமயம், இந்த ஆண்டு நோய் தொற்றிய கொடி இந்த ஆண்டு எந்த அடையாளமும் காட்டாது. அடுத்த கோடையில்தான் காட்டும். 'என் தோட்டத்தில் நோய் இல்லை' என்று ஒருவர் உண்மையாகவே சொன்னாலும், அது போன வருட நிலவரம்தான். இது அரசின் பக்கம். மருந்தை முதல் பொரிப்புக்கு ஒரு மாதம் கழித்து, பூச்சி கிருமியைக் கொடுக்கத் தொடங்கும் முன்பே அடிக்கச் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பிரான்சில் இந்த நோய் 1950களில் தென்மேற்கில் தலைகாட்டியது. பிறகு தெற்கு முழுக்கப் பரவியது. அரசு இதைக் கட்டாயக் கட்டுப்பாட்டுக்குரிய நோயாக வைத்திருக்கிறது. ஐரோப்பிய அளவிலும் அது தனிமைப்படுத்தல் பட்டியலில் உண்டு. ஒரு துண்டு நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடிகள் நோயுற்றால் முழுத் துண்டையும் பிடுங்க வேண்டும் என்பது விதி. பர்கண்டியின் தெற்குப் பகுதியான சோன்-எ-லுவார் மாவட்டத்தில் 2011–12 வாக்கில் பெரிய நோய் மையம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, 10 ஹெக்டேருக்கும் மேல் பிடுங்கப்பட்டது. பர்கண்டி விலைக்கு அது பெரிய இழப்பு. பயம் வடக்கே கோத்-தோர் வரை வந்தது.

## ஆணை: 2013 ஜூன் 7

கோத்-தோரின் பிரிஃபெ, நம்மூர் ஆட்சியர் போல மத்திய அரசின் மாவட்டப் பிரதிநிதி, ஜூன் 7 அன்று ஆணை போட்டார். மாவட்டத்தின் எல்லாத் திராட்சைத் தோட்டங்களிலும் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும். எல்லோரும் ரசாயனம்தான் அடிக்க வேண்டும் என்றில்லை. இயற்கை வேளாண் சான்று பெற்றவர்களுக்கு பைரித்ரம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அது சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் சாறு; இயற்கைச் சான்றுக்குப் பாதகம் இல்லை.

பலர் இந்த வழக்கைச் சொல்லும்போது பைரித்ரத்தை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் கதை எளிதாகிவிடுகிறது. அரசு அவரிடம் கேட்டது அவருடைய சான்றிதழைப் பறிக்கும் காரியம் அல்ல. அவர் மறுத்ததும் ரசாயனத்தை மட்டும் அல்ல.

பைரித்ரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்கையானது என்பதால் மென்மையானது என்று அர்த்தமில்லை. பட்ட பூச்சியின் நரம்பை அடிக்கும். தத்துப்பூச்சி, குளவி, தேனீ என்று பார்க்காது. வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும், அதனால் சாயங்காலத்தில்தான் அடிப்பார்கள். இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். இளம் பூச்சியை வீழ்த்தும் அளவுக்கு வளர்ந்த பூச்சியை வீழ்த்தாது. நேரம் தவறினால் நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, குறிவைத்தது தப்பிக்கும்.

## முடிவு: மறுப்பும் அதன் காரணங்களும்

அவர் முன்னால் இருந்த வழிகள் சில. ரசாயனம் அடிக்கலாம், அதை யோசிக்கவே மாட்டார். பைரித்ரம் அடிக்கலாம், அவரைப் போன்ற பலர் மனமில்லாமல் அதைத்தான் செய்தார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. கடையில் மருந்தை வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, டப்பாவை மூலையில் வைத்துவிடலாம். ஆய்வாளர் வந்தால் ரசீதைக் காட்டலாம். அப்படிச் செய்தவர்கள் உண்டு என்று அந்தப் பகுதியில் அப்போது பேச்சு இருந்தது.

அவர் எதையும் வாங்கவில்லை, அடிக்கவில்லை. ஜூலையில் வேளாண் துறையின் ஆய்வாளர்கள் வந்து ஆதாரம் கேட்டபோது, அடிக்கவில்லை என்று நேராகச் சொன்னார்.

சொன்ன காரணங்கள் மூன்று விதம். தன் தோட்டத்துக்குப் பக்கத்தில் நோய் இல்லை, மையம் தெற்கே பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது, இல்லாத நோய்க்கு மாவட்டம் முழுக்க மருந்து ஏன் என்பது ஒன்று. பைரித்ரம் அடித்தால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நல்ல பூச்சிகள் அழியும், அப்புறம் தோட்டம் மறுபடி மறுபடி மருந்து கேட்கும் என்பது இரண்டாவது. பொதுவான தடுப்பு மருந்து என்ற எண்ணமே தவறு, நோய் எங்கே இருக்கிறதோ அங்கே குறிபார்த்துச் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது.

இதில் எதை எப்படி மதிப்பிடுவது? மூன்றாவதில் அவர் சொன்னது சரி என்பதே என் முடிவு. பின்னால் நடந்தவையும் அதைக் காட்டுகின்றன. இரண்டாவதில் பெருமளவு சரி. முதலாவதில்தான் பிடிமானம் தளர்கிறது. நோய் இல்லை என்பதற்கு அவரிடம் இருந்தது அவருடைய கண். அது அனுபவமுள்ள கண்தான். ஆனால் அடையாளம் ஓராண்டு தாமதமாகத் தெரியும் நோய்க்கு, பத்து ஹெக்டேரைப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண் போதாது. சுற்றியுள்ள சரிவு முழுவதையும் வரிசை வரிசையாகப் பார்த்த பதிவு வேண்டும். அப்படி ஒரு பதிவு அவர் கையிலும் இல்லை. அரசின் கையிலும், மாவட்டம் முழுமைக்கும் என்று ஆணை போடும் அளவுக்கு, விவசாயிகள் நம்பும்படியான வரைபடமாக இல்லை. வரைபடம் இல்லாத இடத்தில் அரசு எச்சரிக்கை பக்கம் சாய்ந்தது, இவர் தோட்டத்தின் பக்கம் சாய்ந்தார்.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. 2013 ஜூலை 23 அன்று ஆலங்கட்டி மழை கோத் த போன் சரிவைத் தாக்கியது. பொம்மார், வோல்னே, போன், சவீஞி பக்கம் பல தோட்டங்களில் பாதிக்கு மேல் விளைச்சல் போனது. முந்தைய 2012இலும் ஆலங்கட்டி விழுந்திருந்தது. அடுத்து 2014 ஜூனிலும் விழுந்தது. விற்க ஒயின் குறைவாக இருந்த ஆண்டுகளில்தான் வழக்கும் நடந்தது. சின்னத் தயாரிப்பாளருக்கு அது எவ்வளவு பாரம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

## வழக்கு

ஆணையை மீறினால் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம். இது உச்சவரம்புதான், அவ்வளவு தண்டனை கிடைக்கும் என்று வழக்கறிந்த யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வெளியே பரவியது அந்த எண்தான். 'இயற்கை விவசாயி சிறைக்குப் போகப் போகிறார்' என்ற செய்தியோடு இணையத்தில் ஒரு கையெழுத்து இயக்கம் ஓடி, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பமிட்டார்கள். 2014 பிப்ரவரி 24 அன்று டிஜோன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது வெளியே நூற்றுக்கணக்கானோர் ஆதரவாகத் திரண்டிருந்தார்கள்.

ஆதரவு அவருக்குத் தெம்பு கொடுத்திருக்கும். விவாதத்துக்கு அவ்வளவு உதவவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் என்ன, பைரித்ரம் என்ன என்பது தெரிய வாய்ப்பில்லை. ஊரில் நிலைமை வேறு. பர்கண்டியின் இயற்கை விவசாயிகளிலேயே ஒரு பகுதியினர் சங்கடப்பட்டார்கள். 'நோய் உண்மையானது. நாங்கள் மனம் நொந்து பைரித்ரம் அடித்தோம். இப்போது நாங்கள் விஷம் வைத்தவர்கள் போலவும், இயற்கை விவசாயிகள் எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் போலவும் தெரிகிறதே' என்பது அவர்களுடைய வருத்தம். அண்டை நிலத்துக்காரரின் கவலையும் நியாயமானதே. ஒருவருடைய வேலி ஓரத்தில் ஒரு நோயுற்ற கொடி இருந்தால் இழப்பு பலருக்கு. தத்துப்பூச்சிக்கு யார் எந்த முறையில் பயிர் செய்கிறார் என்பது தெரியாது.

ஏப்ரல் 7 அன்று தீர்ப்பு. குற்றவாளி என்று சொல்லி 1,000 யூரோ அபராதம். அதில் 500 நிறுத்திவைக்கப்பட்டது. கையிலிருந்து கட்ட வேண்டியது 500 யூரோ. கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குற்றவாளி என்ற பதிவு நின்றுவிடும். மேல்முறையீடு செய்தார்.

2014 டிசம்பர் 4 அன்று டிஜோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. காரணத்தைக் கவனிக்க வேண்டும். பிரிஃபெ தானாக இப்படி ஓர் ஆணை போட அவசரநிலை இருக்க வேண்டும். போட்ட ஆணைக்கு வேளாண் அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும். இங்கே அந்த நடைமுறை பின்பற்றப்படவில்லை. ஆணையே சட்டப்படி செல்லாது என்றால் அதை மீறிய குற்றமும் இல்லை.

மருந்து தேவையா இல்லையா, பைரித்ரம் தோட்டத்தைக் கெடுக்குமா, நோய் அபாயம் எவ்வளவு என்பதில் எதையும் நீதிமன்றம் தீர்க்கவில்லை. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் தீர்ப்பை 'மருந்தடிக்காதது சரி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறைய. அப்படி எடுத்துக்கொண்டு இன்னொருவர் துணிந்து இறங்கினால் ஆபத்து. ஏனென்றால் 2013 டிசம்பர் 19 அன்றே அமைச்சக அளவில் புதிய ஆணை வந்து, மாவட்ட ஆணைகளுக்குச் சட்ட அடிப்படையைச் சரிப்படுத்திவிட்டது. அவருக்குக் கிடைத்த கேடயம் 2013ஆம் ஆண்டின் ஒரு காகிதத்தில் இருந்த ஓட்டை. அடுத்த ஆண்டு அது அடைக்கப்பட்டிருந்தது.

## அதன் பிறகு

வழக்கின் நேரடி விளைவைவிட மறைமுக விளைவுதான் பெரிது. மாவட்டம் முழுவதும் ஒரே மாதிரி மருந்து என்ற அணுகுமுறையை அரசும் தயாரிப்பாளர் சங்கங்களும் மறுபடி யோசிக்க வேண்டி வந்தது. 2014இலிருந்தே கோத்-தோரில் கட்டாய மருந்தின் எல்லை சுருங்கி, நோய் கண்ட இடங்களைச் சுற்றிய கிராமங்கள் என்ற அளவுக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கண்காணிப்பு கூடியது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அறுவடைக்கு முன்வரை, விவசாயிகளும் தொழிலாளர்களும் மாணவர்களும் குழுவாகச் சேர்ந்து தோட்டங்களை வரிசை வரிசையாக நடந்து பார்க்கிறார்கள். சந்தேகப்படும் கொடியில் பட்டை நாடாவைக் கட்டி, இலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தன் நிலம் அடுத்தவர் நிலம் என்று இல்லை. ஒரு கிராமத்துக் குழு கிராமம் முழுவதையும் பார்க்கிறது.

இது பர்கண்டி கண்டுபிடித்ததும் இல்லை. போர்தோ பக்கம் விவசாயிகள் கூட்டாக அமைத்த பூச்சிக் கண்காணிப்புக் குழுக்கள் இதைச் சில ஆண்டுகள் முன்பே செய்துகொண்டிருந்தன. ஜூனில் இலையைத் திருப்பி இளம் பூச்சிகளை எண்ணுவது, ஜூலையிலிருந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து வளர்ந்த பூச்சிகளை எண்ணுவது, எண்ணிக்கை குறைவாகவும் நோய் இல்லாமலும் இருக்கும் இடத்தில் மருந்து முறைகளைக் குறைக்க அரசிடம் அனுமதி வாங்குவது. அங்கே கண்காணிப்புக்கான செலவை விவசாயிகளே பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஏனென்றால் மருந்துச் செலவும் அது செய்யும் கேடும் அதைவிட அதிகம். அதையே பர்கண்டி 2013க்கு முன்பே எடுத்திருந்தால் இந்த வழக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

## இதே நிலைமை மறுபடி வந்தால்

முதலில் ஆணை போடுபவர். மாவட்டம் முழுவதும் என்று ஒரே கோடு போடுவது நிர்வாகத்துக்கு எளிது. நோய் கண்ட கொடி எங்கே, பூச்சி எண்ணிக்கை எங்கே எவ்வளவு, எத்தனை தோட்டம் நடந்து பார்க்கப்பட்டது என்ற மூன்றையும் வரைபடமாகப் போட்டு முதலில் விவசாயிகள் கையில் கொடுக்க வேண்டும். அந்த வரைபடத்தில் தன் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், இந்த விவசாயி மறுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். எங்கே நோய் இருக்கிறதோ அங்கே குறிபார்த்துச் செய்யுங்கள் என்றுதான் அவரே சொன்னார்.

அடுத்து மறுப்பவர். மறுப்பைத் தனியாகச் செய்யாமல், ஜூனுக்கு முன்பே மாற்றுத் திட்டத்தை எழுத்தில் கொடுத்திருந்தால் வலு கூடியிருக்கும். என் தோட்டத்தில் இத்தனை இலை திருப்பி எண்ணினேன், இத்தனை பூச்சி. இத்தனை பொறி வைக்கிறேன். செப்டம்பரில் பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து நடக்கிறேன். ஒரு கொடி சந்தேகமென்றாலும் அன்றே சொல்கிறேன், பிடுங்குகிறேன் என்று. அதை அதிகாரி ஏற்காமல் போகலாம். ஆனால் அண்டை நிலக்காரர்கள் ஏற்றிருப்பார்கள், வழக்கு வந்தாலும் பேச்சு கொள்கையிலிருந்து எண்ணிக்கைக்கு நகர்ந்திருக்கும். வெளிப்படையாக மறுத்தது அவருடைய நேர்மை. ரசீதை மட்டும் காட்டித் தப்பித்தவர்களால் யாருக்கும் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. நோய்க் கணக்கில் அவர்கள் மருந்தடித்தவர்களாகவே பதிவானார்கள். இந்த இரண்டில் நோய்க்கட்டுப்பாட்டுக்கு அதிகக் கேடு செய்தது இரண்டாவதுதான்.

மூன்றாவது, யாரும் அதிகம் பேசாத விஷயம், நாற்று. பூச்சி தானாகப் பறக்கும் தூரம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்கள். நோய் நூறு கிலோமீட்டர் தாண்டுவது லாரியில் வரும் ஒட்டுக்கன்றுகளோடுதான். வேர்ப்பகுதிக்குப் பயன்படும் அமெரிக்க ரகங்கள் நோயை அடையாளமே காட்டாமல் சுமக்கும். வேலியோரம் காடாக வளர்ந்து கிடக்கும் பழைய வேர்க்கொடிகளும், கவாத்துப் பார்க்க ஆளில்லாமல் கைவிடப்பட்ட தோட்டங்களும் கிருமிக்கும் பூச்சிக்கும் புகலிடம். ஆள்விட்டு அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டும். கன்றுகளைப் பொறுத்தவரை தீர்வு கையிலேயே இருக்கிறது. நடுவதற்கு முன் 50 டிகிரி வெந்நீரில் 45 நிமிடம் மூழ்க வைத்தால் கிருமி சாகும், கன்று பிழைக்கும். தோட்டத்தின் நல்ல பூச்சிகளைக் கொல்லாத, எந்தச் சான்றிதழுக்கும் பாதகமில்லாத வழி. கன்றுக்குக் கொஞ்சம் விலை கூடும், அவ்வளவுதான். புதிதாக நடுபவர், கொம்பு சாணம் தெளிப்பவராக இருந்தாலும் ரசாயனம் தெளிப்பவராக இருந்தாலும், நாற்றுப்பண்ணையில் முதலில் கேட்க வேண்டியது வெந்நீர்ச் சான்று இருக்கிறதா என்பதைத்தான்.